ஐந்து இரும்பு நட்சத்திரமும் என் இரண்டு காதும்

எனக்கு இரும்பு தெரியும். இதை நான் கொஞ்சமும் பணிவில்லாமல்தான் சொல்வேன். ராயபுரத்தில் அப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, கொக்கி, கீல், சங்கிலி, கம்பி என்று துறைமுகத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் வேண்டிய எல்லாம் எங்களிடம் கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பேச்சில் மட்டும் ஊரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். இருபத்திரண்டு வயதில் நான் ஒரு கம்பியைத் தரையில் போட்டால், அது எழுப்புகிற சத்தத்தை வைத்தே இது வளையும், இது ஒடியும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னை ஒரு விஜயதசமி அன்று மாம்பலகையில் முதுகை ஒட்டி நிற்க வைத்தது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கடற்கரை மணலில் எங்களுக்கு ஒரு சிலம்பக் கூட்டம் இருந்தது. கூட்டம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பதினைந்து பேர், இருபது கம்பு, பெரிய மீசை வைத்த ஒரு வாத்தியார், அவ்வளவுதான். அதில் எனக்கு உயிர்த் தோழன் ஒருவன் இருந்தான். கட்டுமரத்தில் போகிறவன், என் வயதுக்காரன். வீச்சு வலை வீசி வீசி அவன் மணிக்கட்டு தனியாக ஒரு பிராணி போல ஆகியிருந்தது. ஒரே வயதென்றாலும் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவான். மளிகைக் கடையோ இரும்புக் கடையோ, தெற்கத்திக்காரன் கல்லாவில் உட்கார்ந்தால் ராயபுரத்தில் அவன் அண்ணாச்சி. நான் கோபப்படுவேன் என்பதற்காகவே அவன் அதை இழுத்து இழுத்துச் சொல்வான்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் இடுப்பில் எதையோ சுருட்டிக்கொண்டு ஓடி வந்தான். துணியைப் பிரித்தான். உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு நட்சத்திரம். நான்கு கைகள், நான்கு கூர் முனைகள், நடுவில் ஒரு துளை.

"கெயக்குச் சீமைக் கப்பலு ஒண்ணு வந்துகீதே, அதுல ஒரு ஆளு வெச்சிருந்தான். ரெண்டு சுறாக் கருவாடு குட்த்தேன், இத்த குட்த்துட்டான். அவங்க ஊர்ல இத்த வீசி சண்ட போடுவாங்களாம். பாரேன்!"

கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஓர் உடைந்த படகை நோக்கி அவன் அதை விட்டான். கையை ஓங்கவில்லை. மணிக்கட்டு மட்டும் ஒரு வெட்டு வெட்டியது. 'விர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'டக்'. பலகையில் ஓர் அங்குலம் இறங்கி நின்றது. எனக்கு முழங்கால் முதல் உச்சந்தலை வரை சிலிர்த்துவிட்டது. இன்றைக்கும் அந்த 'டக்' என் காதில் இருக்கிறது.

வாத்தியார் கிட்டே போய்ப் பார்த்தார், மீசையைத் தடவினார். ஒவ்வொரு விஜயதசமிக்கும் காலடிப்பேட்டைக் கூட்டமும் எங்கள் கூட்டமும் ஒரே மணலில் வித்தை காட்டுவது வழக்கம். அவர்கள் தீப்பந்தம் சுற்றி ஜனங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் கம்பைச் சுற்றிவிட்டு, சுண்டலை வாங்கித் தின்றுகொண்டு வீடு திரும்புவோம். "ஒரு ஆளப் பலகையில நிக்க வெச்சு, சுத்தி அஞ்சு நட்சத்திரம் அடிச்சா எப்டி இருக்கும்?" என்று வாத்தியார் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் இருக்கிற நட்சத்திரம் ஒன்றுதானே.

"ஒண்ணு என்ன வாத்தியாரே, அம்பது செஞ்சு தாரேன்! இரும்பு நம்ம பாடு" என்றேன். வாய் முந்திவிட்டது.

என் தோழன் சிரித்தான். "அண்ணாச்சி, ரூல் ஞாபகம் கீதா?"

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஆயுதம் கொண்டு வருகிறவன்தான் அந்த ஆயுதத்துக்கு எதிரில் நிற்க வேண்டும். முன்பு ஒருவன் உளுத்த கம்பைக் கொண்டுவந்து, அது பிளந்து வேறொருவன் கண்ணைக் கெடுத்துவிட்டதாம். அன்றிலிருந்து வாத்தியார் வைத்த சட்டம் அது. கம்பு கொண்டு வந்தால் அந்தக் கம்பின் அடியை நீ தடுக்க வேண்டும். நட்சத்திரம் கொண்டு வந்தால்? எல்லாரும் அந்த மாம்பலகை இருக்கப்போகிற இடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நிக்கேன்" என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரும்புக் கடைக்காரன் மகன்களில் இரும்பை நம்பி நிற்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதலில் நான் செய்தது அசட்டுத்தனம். எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டை வெட்டி, பளபளவென்று தேய்த்து, ஐந்து நட்சத்திரங்களைக் கொண்டுபோய் நீட்டினேன். பார்க்க அழகோ அழகு. தோழன் ஒன்றை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டினான். வலைக்கு ஈயக் குண்டு கட்டுகிறவன் அவன். ஒரு குண்டு எடை தப்பினால் வலை கோணலாக விழும் என்று தெரிந்த கை அது.

"இன்னா அண்ணாச்சி, அப்பளம் கொணாந்துகீறே?" என்றான். வீசினான். பலகையில் பட்டு, முனை மடங்கிக் கீழே விழுந்தது. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐந்தையும் கடலில் விட்டெறிந்தேன். காற்றில் மிதந்து மிதந்துதான் போயின. அவ்வளவுதான் அவற்றின் கனம்.

இரண்டாவது தடவை கெட்டி இரும்பாகத் தேடினேன். தேய்ந்துபோன பழைய அரங்கள் கடையில் ஒரு மூட்டை கிடந்தன. அரம் மற்ற இரும்பையே தின்கிற இரும்பு, இதைவிடக் கெட்டி எது? எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த கொல்லர், "இது வேணாம் தம்பி, கோபக்கார இரும்பு" என்று சொல்லிப் பார்த்தார். கோபக்காரன் நான் கேட்பேனா? அகலமான அரங்களாகப் பொறுக்கி, சாணைக்கல்லில் பிடித்து வடிவம் எடுக்கச் சொன்னேன். பொறி பறந்தது. தட்டினால் கோயில் மணி போல 'கிண்' என்றது. அந்தச் சத்தத்திலேயே மயங்கிவிட்டேன்.

முதல் இரண்டு வீச்சு அற்புதம். மூன்றாவது, பலகையில் இருந்த ஆணி ஒன்றில் பட்டது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. நட்சத்திரம் மூன்று துண்டாகி, ஒரு துண்டு என் வேட்டியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தோழன் வெறுங்கையோடு நின்றான். பிறகு என் கிழிந்த வேட்டியைப் பிடித்துக் காட்டினான்.

"நீ பலகைல நின்னுகினு இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வளைகிறதும் ஆகாது, ஒடிகிறதும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிர்கிற இரும்பு. படுத்துக்கொண்டே கடையில் இருக்கிற சரக்கையெல்லாம் மனத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். விடிகிற நேரத்தில் துள்ளி எழுந்தேன். ரம்பம்! மரம் அறுக்கிற பெரிய வட்ட ரம்பம்! நாள் முழுக்கத் தேக்கையும் வேங்கையையும் அறுத்தாலும் ஒடியாது. கையால் அழுத்தினால் வளையும், விட்டால் நிமிரும்.

பேசின் பிரிட்ஜ் பக்கம் மரம் அறுக்கும் மில் ஒன்றுக்கு ஓட்டமாக ஓடினேன். பல் தேய்ந்த ரம்பத் தகடுகளை ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுண்டினேன். ஒன்று 'கிண்' என்றது, வேண்டாம். ஒன்று 'தொப்' என்றது, அதுவும் வேண்டாம். ஐந்தாவது தகடு 'ணங்ங்' என்று நீட்டிப் பாடி, மெதுவாக அடங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் நடந்திருப்பேன். மில்லில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கொல்லர் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி உளியால் வெட்டினார். வெட்டியதை எண்ணெயில் முக்கினார். அப்படியே விட்டால் அரம் மாதிரி ஆகிவிடும் என்று மறுபடி இளஞ்சூட்டில் வைத்தார். தேய்த்து வெளுப்பாக்கிய இரும்பு மஞ்சளாகி, பழுப்பாகி, புறாக்கழுத்து நிறத்துக்கு வரும்போது, "இப்ப!" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தினோம். அதுதான் பதம். ஒரு கணம் பிந்தினால் போயிற்று. ஐந்து நட்சத்திரத்துக்கும் ஐந்து தடவை கத்தினோம். அடுத்த கடைக்காரர் ஏதோ தகராறு என்று எட்டிப் பார்த்தார்.

அப்புறம் என் தோழனின் பரீட்சை. சுவரில் ஓர் ஆணி அடித்தான். நட்சத்திரத்தின் நடுத்துளையை அதில் மாட்டி, சுற்றிவிட்டான். நின்றதும் எந்தக் கை கீழே வருகிறது என்று பார்த்தான். மறுபடி சுற்றினான். அதே கை கீழே வந்தால் அந்தக் கை கனம். நான் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். எந்தக் கையும் கீழே வராமல், விட்ட இடத்தில் எப்படியும் நிற்கிற வரைக்கும் விடமாட்டான்.

"ஒரு அரிசி வெயிட்டு ஜாஸ்தி கீது."

"ஏலே, அரிசிக்கு என்னல கனம்?"

"உன் காதுக்கு இன்னா கனமோ அதே கனம். தேய்யி."

தேய்த்தேன். பத்து நாள் தேய்த்தேன். கடைசியில் ஐந்தும் ஒரே எடை, ஒரே சத்தம், ஆணியில் மாட்டினால் எந்தப் பக்கமும் சாயாத ஐந்து நட்சத்திரங்கள். உப்புக் காற்றில் துரு ஏறாமலிருக்கத் தினமும் எண்ணெய்த் துணியால் நானே துடைத்தேன். அப்பா கடையில் ஒரு தராசை நான் அப்படித் துடைத்ததில்லை. "எய்யா, சோலியப் பாரு. ஆணி கேட்டு ஆளு நிக்கி" என்பார் அப்பா. நான் செய்வது கம்பு விளையாட்டுக்கு ஏதோ சாமான் என்று மட்டும் அவருக்குத் தெரியும். பலகையில் நிற்கப்போவது அவர் பிள்ளை என்று தெரியாது. தெரிந்திருந்தால் கடைச் சங்கிலியாலேயே என்னைக் கட்டிப் போட்டிருப்பார்.

ஒரு மாதம் பரங்கிக்காய் நின்றது எனக்குப் பதிலாக. பத்தடி தூரம். இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி நட்சத்திரங்கள் இறங்கும். காய்க்கு ஒரு கீறல் விழவில்லை. பிறகு நான் நின்றேன். முதல் நட்சத்திரம் காதருகே 'டக்' என்றபோது கண்ணை மூடிவிட்டேன். ஐந்தாவதற்குக் கண்ணைத் திறந்துகொண்டு சிரித்தேன். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. இரண்டு வாரம் தினமும் நின்றேன், ஒரு நாளும் பிசகவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: "என் நட்சத்திரத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறவன் இனிமேல்தான் பிறக்கணும்."

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கடையில் அது பெரிய பண்டிகை. தராசு, படிக்கல், சுத்தியல், கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வைத்ததை மறுநாள் காலைப் பூஜை முடிகிற வரை தொடக் கூடாது. அதற்குப் பிறகும் அந்தச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, அது தானாகத்தான் உதிர வேண்டும். தராசுக்குப் பொட்டு வைக்கும்போது மட்டும் அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார், அன்றும் சொன்னார்: "ரெண்டு தட்டுக்கும் ஒரே அளவு வையி எய்யா. சாமிக்கு வச்ச சந்தனம் எடையில ஏமாத்தக் கூடாது."

வைத்தேன். தராசுக்குச் சரியாக வைத்தேன். பிறகு என் ஐந்து நட்சத்திரங்களையும் சிவப்புத் துணியில் பரப்பி, அவற்றுக்கும் வைத்தேன். நடுவில் துளை இருந்ததால் பொட்டு நிற்கவில்லை. அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு கையில், நல்ல கையாகப் பார்த்து, கெட்டியாக அப்பினேன். எனக்குப் பக்தி அதிகமாகிவிட்டது. சுண்டைக்காய் அளவுக்கு அப்பினேன், அதன்மேல் குங்குமம். மறுநாள் பூஜை முடிந்ததும், உள்ளே இன்னும் ஈரம் காயாத சந்தனத்தோடு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

மணல் தெரியாத கூட்டம். காலடிப்பேட்டைக்காரர்கள் அன்று பந்தத்தை வாயால் ஊதித் தீ கக்கினார்கள். ஜனங்கள் கத்தியது துறைமுகம் வரை கேட்டிருக்கும். பிறகு எங்கள் முறை. நான் தலையில் சிவப்புத் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு பலகையில் சாய்ந்து கைகளை விரித்தேன். கூட்டம் அப்படியே அடங்கியது. வாத்தியார் துணியைப் பிரித்தார். தோழன் முதல் நட்சத்திரத்தை எடுத்து, சந்தனத்தைப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி வர வேண்டியது. 'டக்.' காதுமடலில் காற்றடித்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு விரல் தூரம்தான். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள், அவர்களுக்கு அது வித்தை. தோழன் தன் கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இரண்டாவது, தலைக்கு மேலே போக வேண்டியது. அது வருவதை நான் முழுசாகப் பார்த்தேன். 'விர்ர்' என்று வரவில்லை. குடிகாரன் மாதிரித் தள்ளாடி வந்தது. மஞ்சள் பொட்டு மேலும் கீழும் குதித்தது. முண்டாசைப் பிய்த்துக்கொண்டு பலகையில் தைத்து நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, எனக்கு அது நிஜமாகவே போயிற்று. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

அந்தக் கூச்சலுக்குள் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. ரெண்டு தட்டுக்கும் ஒரே அளவு.

ஓர் அரிசி எடைக்காகப் பத்து நாள் தேய்த்தவன், சுண்டைக்காய் அளவு சந்தனத்தை ஒரே கையில் அப்பியிருக்கிறேன்! தராசுக்குப் பார்த்த நியாயத்தை நட்சத்திரத்துக்குப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று பாக்கி. அடுத்தது இடது காது. வாயைத் திறந்தால், குற்றமே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிய என் நட்சத்திரத்தின் குற்றத்தை நானே ஊர் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு கணம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மானத்துக்காகக் காதைக் கொடுக்கத் துணிந்த முட்டாள் நான். ஆனால் அவன் கையைப் பார்த்தேன். வலை வீசுகிற அந்தக் கை மூன்றாவது நட்சத்திரத்தை எடுத்துவிட்டது. என் காது போனால் அந்தக் கை இனி எதையும் வீசாது.

"ஏலே! தப்பு என்னுது! சந்தனம்! சந்தனத்த எடுல!" என்று கத்தினேன்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வாத்தியார் பதறினார். "பூஜ வெச்ச ஆயுதம், தொடைக்கக் கூடாதுப்பா..."

தோழன் மூன்றாவது நட்சத்திரத்தின் சந்தனத்தைக் கட்டை விரலால் வழித்து எடுத்தான். கீழே உதறவில்லை, துடைக்கவில்லை. அப்படியே தன் நெற்றியில் இழுத்துக்கொண்டான். நான்காவதை வழித்து வலது தோளில். ஐந்தாவதை இடது தோளில். ஜனங்கள் இதுவும் வித்தை என்று நினைத்து ஓவென்று ஆர்ப்பரித்தார்கள். அவன் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுண்டு விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நிக்கிறியா?"

"நிக்கேன்டே. போடு."

விர்ர், டக். இடது காதுக்குச் சரியாக ஒரு சாண். விர்ர், டக். விர்ர், டக். இரண்டு இடுப்புக்கும் அருகே, அளந்து வைத்த மாதிரி. நான் பலகையை விட்டு வருவதற்குள் கூட்டம் எங்கள்மேல் விழுந்துவிட்டது. யாரோ என்னைத் தூக்கினார்கள். காலடிப்பேட்டைக்காரர்களில் ஒருவன் என் கிழிந்த முண்டாசைக் கொடியாக ஆட்டினான். நான் சிரித்தேன், அழுதேன், எதற்கென்று தெரியவில்லை. தோழன் மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டான்.  "கஸ்மாலம், சாமி கும்புட்றதுல கூட உனுக்கு அவசரமா?" என்று திட்டினான். திட்டிக்கொண்டே என் காதுகளைப் பிடித்துப் பார்த்தான், இரண்டும் இருக்கிறதா என்று.

வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அப்பா திட்டியிருந்தால் தேவலை. சோறு போடச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பேச்சே அப்புறம் எங்கள் வீட்டில் எழவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. தராசுக்கெல்லாம் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி முடித்தாயிற்று. நட்சத்திரங்களை நான் வெளியில் எடுக்கவே இல்லை. அப்பா என்னைப் பார்க்காமல், "அதக் கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஐந்துக்கும் நான்கு நான்கு கையிலும் ஊசிமுனை அளவு தாமே வைத்தார். வைத்து, அவற்றுக்கும் கற்பூரம் காட்டிவிட்டுச் சுவர் ஆணியில் ஒவ்வொன்றாக மாட்டிச் சுற்றினார். என் தோழன் வைத்த அந்த ஆணிப் பரீட்சையை யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது.

"இந்த வருசம் யாரு நிக்கா?"

"நாந்தான்ப்பா."

கடைசி நட்சத்திரம் சுற்றி நின்றது. மறுபடி சுற்றினார், அதே கை கீழே வந்தது. கற்பூரம் காட்டிய ஆயுதத்தில் வைத்த சந்தனத்தைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா, அதை ஆணியிலிருந்து எடுத்து, கீழே வந்த கையில் இருந்த பொட்டை நகத்தால் கொஞ்சம் சுரண்டிவிட்டு, மறுபடி மாட்டிச் சுற்றினார்.